அரசரின் நெற்றியில் ஒரு மரு

கோப்பன்ஹேகன் அருங்காட்சியகம் ஒன்றில், பண்டைய ஈரானை ஆண்ட பார்த்திய அரசர் ஒருவரின் வெள்ளிக் காசைக் கடந்த வாரம் கண்டேன். சீவிய தாடி, தலையைச் சுற்றிய முடிப்பட்டை, நெற்றியில் தெளிவாக ஒரு மரு. அருகே அவருடைய மகனின் காசு. அந்த நெற்றியிலும் அதே மரு. நாடெங்கும் கைமாறும் காசில்கூட அதை அவர்கள் மறைக்கச் சொல்லவில்லை.

என் அப்பாவின் நெற்றியிலும் அப்படியொரு மரு இருந்தது. நாங்கள் வாழ்ந்த டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில், எங்கள் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டி நெருங்கியபோது, பத்து வயதுச் சிறுமியான நான் அவரிடம் சொன்னேன்: "அப்பா, முன்வரிசையிலை இருக்காதேங்கோ. பிள்ளையள் உங்கடை நெத்தியைப் பார்த்துச் சிரிக்குதுகள்."

"சரி பிள்ளை," என்றார்.

மறுநாள் குளியலறையிலிருந்து சுண்ணாம்பின் காரநெடி எழுந்தது. சுண்ணாம்பில் சவர்க்காரம் குழைத்துப் பூசி மருவை எரிப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"விசரே உங்களுக்கு? டொக்டரிட்டைப் போகலாம்தானே," என்றார் அம்மா.

"அதுக்கு நாள் எடுக்கும். போட்டி சனிக்கிழமையெல்லே."

புண் சீழ் பிடித்தது. நெற்றியில் கட்டுடன் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். 'உண்மையான அழகு எது' என்ற தலைப்பில் பேசி நான் முதற்பரிசு பெற்றேன். அதன்பின் என் போட்டி எதற்கும் அவர் வரவில்லை. தொழிற்சாலையில் வேலை என்பார். எத்தனையோ மேடைகளில் முழங்கிய நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதேயில்லை.

அருங்காட்சியகப் படியில் நின்று அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அப்பா, உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்."

"என்ன பிள்ளை, இந்த வயதிலும் பேச்சுப் போட்டியோ?" சிரித்தவர் சற்றுத் தயங்கினார். "இந்தமுறை நான் வரலாமோ?"