பிளக் ஓட்டையில் குளவி

அந்த முழுப்பரீட்சை லீவு எனக்கு வீணாய்ப் போனதற்கு ஒரு குளவிதான் காரணம். திருச்செங்கோட்டுப் பெரியம்மா வீட்டில், டிவி பிளக் மாட்டும் ஓட்டையை அடைத்துச் சுவிட்ச் பலகை மேல் அது மண்கூடு கட்டிவிட்டது. ஒரு குச்சியால் தட்டிவிட்டால் முடிந்தது. பெரியம்மா விடவில்லை. குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவருக்குப் பிள்ளையில்லை. பெரியப்பாவோ போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. குளவிக்கு இந்த விவரமெல்லாம் யார் சொல்வது?

டிவி இல்லாத வயிற்றெரிச்சலில் கூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குளவி பச்சைப்புழுக்களைத் தூக்கி வந்து அறை அறையாய் அடைத்தது. அது வெளியே போன நேரம் பார்த்து, பச்சையும் நீலமுமாய் மினுங்குகிற வேறொரு குளவி வந்தது.

"பெரியம்மா, வேறொண்ணு வந்து உள்ள பூருதுங்க!"

"வந்துட்டுப் போவுது, உடு சாமி."

லீவு முடியும் சமயம் ஓர் அறை உடைந்தது. வெளியே வந்தது அந்த மினுங்குகிற ரகம். இன்னொன்றின் கூட்டில் முட்டையிட்டு, அங்கிருக்கும் குஞ்சைத் தின்றே வளரும் ஒட்டுண்ணி அது என்று பிற்பாடுதான் படித்தேன். அன்று, "ஐயய்யோ, இது நம்ம குளவியோடது இல்லீங்க, ஏமாத்திப்போடுச்சு!" என்று கத்தினேன். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரு பெத்தா என்ன சாமி, நம்மூட்லதான வளந்துச்சு" என்றார்.

மறுநாள் என்னைக் கூட்டிப்போக அம்மா வந்தாள். பெரியம்மா காப்பி ஆற்றிக்கொண்டே, "இவள இங்கியே உட்டுட்டுப் போ புள்ள. இங்கியே பள்ளிக்கூடத்துல சேத்திக்கறேன்" என்றார். அம்மா என் பாவாடைகளை மடித்துப் பையில் வைத்தாள். நான் சும்மா இருந்தேனா?

"போங்க பெரியம்மா, உங்கூட்ல டிவியே ஓடாது!"

அம்மா சிரித்துவிட்டாள். பெரியம்மா சிரிக்கவில்லை. தோசைக்கரண்டியை எடுத்து வந்து, இன்னும் திறக்காத அறைகளோடு கூட்டை வழித்துக் கீழே போட்டார். ஓட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் பிளக்கைச் செருகினார். டிவி சத்தமாய்ப் பாட ஆரம்பித்தது.

"ஓடுது பாரு சாமி" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். இப்போது பெரியம்மாவின் அந்த முகத்தை நினைத்தால், ஒரே ஒரு தடவை திரும்ப அங்கே போய் நிற்க மாட்டோமா என்றிருக்கிறது. அன்று எனக்கு வந்ததென்னவோ கோபம்தான். இவ்வளவு சுலபமாய் முடிகிற காரியத்தை லீவு ஆரம்பத்திலேயே செய்திருக்கக் கூடாதா?