சிவப்பு அட்டைக்காரர்

தம்போய் ஊரில் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர், என் பக்கத்து வீட்டுக்காரர். முன்பல் இல்லை. வண்டியைக் கிளப்புமுன் கண்ணை மூடி ஜெபிப்பார். இந்த நாட்டிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தார்.

"அப்பீலும் ரிஜெக்ட் சார்," என்று ஒருநாள் சிரித்தார்.

அத்தகைய மனுக்களைப் பரிசீலித்தே ஓய்வுபெற்ற எனக்கு எரிச்சல் வந்தது. "நீங்க யாருன்னே தெரியலங்கிறாங்க. சிரிப்பு வருதா?"

"அவங்களுக்குத்தான் தெரியல லா. ஞானஸ்நானம் எடுத்தன்னிக்கே நான் யாரு பிள்ளைன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. உங்களுக்கென்ன சார், நீல ஐசி, குடிமகன்!" என்று மனதார என் தோளைத் தட்டினார்.

'முன்னாள் அதிகாரி' என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. என் நீல அட்டைமேல் அவருக்குத் துளியும் பொறாமையில்லை. பொறாமை முழுவதும் எனக்குத்தான், இன்னும் தீரவில்லை.