அப்பாவின் தரப்பு

"மம்மி, நேச்சுரல் ஜஸ்டிஸ்னா க்யா?"

தில்லி துவாரகா வீட்டில், சட்டப் பாடம் படித்துக்கொண்டிருந்த என் மகள் பாதி இந்தியில் கேட்டாள்.

"ஒருத்தர் தரப்பைக் கேக்காம அவரைத் தண்டிக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன். சொல்லும்போதே அப்பா நினைவுக்கு வந்தார்.

நான் ஒன்பதாவது படித்தபோது லோதி ரோடு அரசு குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் அலுவலகத்தில் ஒரு ஃபைல் காணாமல் போயிற்று. அவர்தான் அதை ஒரு காண்டிராக்டருக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி, விசாரணையே இல்லாமல் வேலையிலிருந்து நீக்கினார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டு, வெயில் சுடுகிற ஒரு மொட்டைமாடி அறைக்குக் குடிபோனோம். பள்ளியில் எல்லோரும் பேசியதை நானும் நம்பிவிட்டேன். அப்பாவுடன் பேசுவதையே நிறுத்தினேன்.

அவர் தினமும் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் ஜன்னலோரம் உட்கார்ந்து, அலுவலக பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பள்ளி விட்டு வந்ததும், "வந்துட்டியாம்மா" என்பார். நேராக உள்ளே போய்விடுவேன்.

மூன்று வருடம் கழித்து, அப்பா போட்டிருந்த வழக்கில் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்தது. அம்மா என்னை உரக்கப் படிக்கச் சொன்னாள். அப்பாவின் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை, அதனால் வேலைநீக்கம் செல்லாது என்று எழுதியிருந்தது. அம்மா அழுதாள்.

அப்பா என்னைப் பார்த்து மெதுவாக, "நீயும் கேக்கலையேம்மா" என்றார்.

மறுபடி வேலையில் சேர்ந்து, ஓய்வும் பெற்று, ஒருநாள் அவர் இறந்தும் போனார். அத்தனை வருடங்களில் ஒருமுறைகூட, "என்னப்பா நடந்தது?" என்று நான் கேட்கவில்லை.

மகள் அடுத்த பாடத்தைப் புரட்டினாள்.