நாலாம் பத்து என்னுடையது

டீச்சரம்மா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்த பெண் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மார்க்கையன்கோட்டையில் எங்கள் வயலுக்குப் போகிற வழியில்தான் சுடுகாடு, உச்சிவெயிலில் அதன் ஓரமாகத் தனியாகக் கஞ்சிக்கலயம் சுமந்து போனவள் நான். பேயோட்டுகிற இடத்தில் ஊரே கையெடுத்துக் கும்பிடும்போது எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும், அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன். அதனால் இதை நம்பினாலும் சரி, இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தாலும் சரி. நடந்தது நடந்ததுதான்.

என் தாய்மாமன் வீடு இந்தத் தேவாரத்தில். அவர்கள் எனக்கு முன்பே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள். மாமன் மகன் சவரிமுத்துவைக் கட்டிக்கொள்வதற்காக நானும் ஞானஸ்நானம் வாங்கினேன். பொன்னுத்தாயாக எழுந்தவள் அன்றைக்கு மத்தியானம் அன்னம்மாளாகச் சோறு தின்றேன். நெற்றியில் திருநீறு போய்க் கழுத்தில் மாதா சுரூபம் வந்தது, அதெல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது. பழகாதது செபமாலைதான்.

உங்களுக்குத் தெரியாதிருக்கலாம், அதனால் சொல்கிறேன். செபமாலையில் ஐந்து பத்து, ஒரு பத்துக்குப் பத்து மணி. ஒவ்வொரு மணிக்கும் மாதாவை வாழ்த்துகிற செபம் ஒன்று. முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்லி முடிப்பார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், மாமனும் அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் முன்பாதி அவருக்கு, பின்பாதி எனக்கு. விளக்கு வைத்ததும் தானியம் கொட்டுகிற குலுக்கை ஓரம் முழங்கால் போட்டு ஆரம்பிப்பார். வீடு நெருங்கிய மாட்டுவண்டி மாதிரி ஓட்டமாக ஓடுவார். நான் பின்னாலேயே வாயை அசைப்பேன், மனசெல்லாம் அடுப்பில் கிடக்கிற கேப்பைக்களியில் இருக்கும். இரண்டாம் பத்திலேயே தூங்கி வழிவேன். முன்பாதி என் காதில் ஏறவே இல்லை, என் பாதிக்காகக் காத்திருப்பதோடு சரி. அவர் கோபப்பட்டதில்லை.

"மனசு ஓடுனா ஓடட்டும் புள்ள, விரல் நிக்காமப் பாத்துக்க" என்பார்.

கல்யாணமான அந்த வருடம் ஏலக்காய் எடுப்புக்கு அவர் மலைக்குப் போனார். மேலே தோட்டத்தில் காய் உலர்த்துகிற கொட்டகையில் வேலை, உள்ளே எந்நேரமும் புகை. கிளம்புகிற அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இனி மாலையில் முன்பாதியை யார் சொல்வது? எனக்குத் தெரியாதே. உபதேசியார் கல்யாண அவசரத்தில் சொல்லிக்கொடுத்தது எப்போதோ போய்விட்டது. கோயில் பக்கத்துப் பெண்களிடம் கேட்கலாமென்றால் ரோஷம், ஏற்கனவே என்னைப் புதுவேதக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் சொன்னதும் சிரித்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அங்கன வெளக்கு வைக்கும்போது நான் முன்பாதியச் சொல்றேன். இங்கன நீ பின்பாதியச் சொல்லு. ரெண்டும் மாதாகிட்டப் போயிச் சேந்துக்கிரும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தினமும் விளக்கு வைத்து, மணியைப் பிடித்து, அவர் சொல்லி முடிக்கிற நேரம் சும்மா இருந்து, பிறகு என் பாதியைச் சொல்வேன். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று முடியும் அது. ஆரம்பத்தில் இடையிடையே விட்டுப்போனது. பிறகு ஒருநாள் சொல்லாவிட்டால் அவர் அங்கே பாதியோடு காத்துக்கொண்டிருப்பாரே என்று தோன்ற ஆரம்பித்தது. அதற்கப்புறம் தூக்கமாவது ஒன்றாவது.

அப்போதுதான் மலைக்காய்ச்சல் செய்தி வந்தது. மேலிருந்து டோலி கட்டி ஆட்களை இறக்குகிறார்கள், சிலரை அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றார்கள். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. இறங்குகிற ஒவ்வொரு டோலியையும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவர் இல்லை என்றதும் நிம்மதியும் வரும், அங்கேயே புதைத்துவிட்டார்களோ என்றும் ஓடும். பக்கத்து வீட்டுக் கருப்பாயி மதினி ஒருநாள் மஞ்சள்துணி கொண்டுவந்து கொடுத்தது.

"குலசாமிய விட்டுப்புட்டு வந்துட்ட. கோவத்துல இருக்கும்த்தா. ஒரு முடிச்சுப் போட்டு வேண்டிக்க, அண்ணன் நல்லபடியா வந்துருவாக."

வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் முடிச்சுப் போடவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டே விளக்கை ஏற்றினேன்.

வெளியே சாரல். மாலையைப் பிடித்து முதல் மணிக்குக் காத்திருந்தேன். டீச்சரம்மா, அந்தக் காத்திருக்கிற இடத்தில் குரல் கேட்டது.

குலுக்கை ஓரத்திலிருந்து, தாழ்வாக, ஆண் குரல். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று ஆரம்பித்து அந்த முன்பாதி முழுவதும். முதலில் என் நினைப்புத்தான் என்று நினைத்து என் பாதியைச் சொன்னேன். அடுத்த மணிக்கும் வந்தது. அவர் குரல்தான், ஆனால் அவர் குரல் இல்லை. அவர் ஓடுவார், இது மெதுவாக நடந்தது. "கர்த்தர்" என்று சொல்லி நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, பிறகுதான் "உம்முடனே" என்றது. ஒவ்வொரு மணிக்கும் அதே இடத்தில் அதே மூச்சு. எனக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட, பயம். திரும்பி அங்கே அவர் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். பதில் சொல்லாமல் விட்டால் அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. மரண நேரத்திலும், மரண நேரத்திலும் என்று பதில் சொல்லிக்கொண்டே போனேன்.

நாலாம் பத்து நடுவில், "உம்முடைய திருவயிற்றின்" என்று சொன்ன குரல் அப்படியே நின்றுவிட்டது.

காத்திருந்தேன். கூரையில் சாரல் விழுகிற சத்தம் மட்டும்தான். அவர் போய்விட்டார் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, வாயிலிருந்து மிச்சம்தான் வந்தது. "கனியாகிய" என்று பிடித்து முடித்தேன். அத்தனை முறை கேட்டதில் மனசில் ஏறியிருந்தது. மிச்ச மணிகளுக்கு இரண்டு பாதியையும் நானே சொல்லி மாலையை முடித்தேன். தனியாக ஒரு முழு மாலையை நான் சொன்னது அன்றைக்குத்தான். எழுந்து பார்த்தால் குலுக்கை ஓரம் வெறுந்தரை. மடியிலிருந்த மஞ்சள்துணி என் வியர்வையில் நனைந்திருந்தது.

அந்நேரம் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கருப்பாயி மதினி குரல் கொடுத்தது.

"என்னத்தா, அண்ணன் வந்துட்டாகளா? செபம் சொல்லுறது கேட்டுச்சே!"

விளக்கை எடுத்துக் குலுக்கைக்குப் பின்னாலும் பார்த்தேன்.

சில நாள் கழித்து டோலியில் இறங்கினார். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. அந்த அழுகையைச் சொல்லி மாளாது. கஞ்சி குடித்துத் தெளிந்த பிறகு மெதுவாகக் கேட்டேன், அங்கே காய்ச்சலில் கிடந்தபோது மாலை சொன்னீர்களா என்று.

"எங்கிட்டுப் புள்ள? எனக்கு நெனவே இல்ல. மாலை அது பாட்டுக்குக் கொட்டாய் ஆணியில தொங்குச்சு."

நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போலத் தூங்கி விழுந்திருப்பாய் என்று சிரித்தார். மாதம் ஒருமுறை பூசைக்கு வருகிற சாமியாரிடம் சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கம்மா என்றார்.

ஆனால் அதிலிருந்து ஒன்று மட்டும் செய்தேன். நாலாம் பத்தை அவர் சொல்ல விட்டதே இல்லை. மூன்று பத்து அவர் சொல்வார், நாலாவதில் முன்பாதியை நான் எடுத்துக்கொள்வேன், ஐந்தாவது திரும்ப அவருக்கு. நின்ற இடத்துக்கே அவர் வராவிட்டால் நிற்க மாட்டாரே என்பது என் கணக்கு. சிரிக்காதீர்கள். பிள்ளைகள் பிறந்து பெரிதாகி, அவர்களுக்கும் அது அம்மாவின் பத்து என்று பழகிவிட்டது. "நாலாம் பத்த உம்பேருக்குப் பட்டா போட்டாச்சா?" என்று கேலி செய்வார். செய்யட்டும். இத்தனை வருடமும் உடம்புக்கு முடியாத அன்றும், பிரசவமான வாரமும்கூட நான் மாலையை விட்டதில்லை. பக்திக்காரி என்று கோயிலில் சொல்கிறார்கள். என் பக்தி என்னவென்று எனக்குத்தானே தெரியும், முழுக்கப் பயம்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன மழையிலிருந்து அவருக்கு நெஞ்சு சரியில்லை. அத்தனை வருடத்துக் கொட்டகைப் புகை. பழைய ஓட்டமெல்லாம் போய்விட்டது, செபம் மெதுவாக நடக்கிறது. போன சனிக்கிழமை முதல் பத்தில் "கர்த்தர்" என்று சொல்லி நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டு, பிறகு "உம்முடனே" என்றார்.

அன்றைக்குத்தான் டீச்சரம்மா, மணியில் என் விரல் நின்றது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், சாரல் அடித்த அந்தச் சாயங்காலம் கேட்ட அதே குரல். அப்போது அவரிடம் இல்லாத குரல்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நேற்று செபமாலை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இத்தன வருசமா நீயே சொல்லிட்ட. நாளைக்கு ஒருநா அந்த நாலாம் பத்த நான் சொல்றேனே புள்ள."

ஏன் கேட்டார்? கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் பாதியில் நின்றால் அந்த இடத்திலிருந்து எடுத்துச் சொல்லி முடிக்க எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அன்றைக்கு அந்தக் குரல் வந்ததோ?

நான் வருகிறேன். விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. இந்நேரம் மாலையைக் கையில் எடுத்திருப்பார்.