காவேரிப்பாக்கம் ஏரியில் படகு ஓட்டக் கற்றது

போன மழைக்காலத்தில் பாலாற்றுத் தண்ணீர் மேல்விஷாரத்தில் எங்கள் தெருவுக்குள் புகுந்தது. என் மனைவி நூர்ஜஹானுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று முறை வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். அந்த வாரம் இரண்டு முறை தவறியது. முகம் வீங்கி, மூச்சு வாங்கியபடி மாடியறையில் கிடந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு தெருக்காரர்கள் சேர்ந்து மோட்டார் வைத்த ரப்பர் படகு ஒன்று வாங்கினோம். ஓட்டத்தான் ஆளில்லை. ஆறு என்றால் மணல் என்றே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான் தை மாதத்து ஞாயிறு ஒன்றில் படகு ஓட்டக் கற்க, நூர்ஜஹானோடு காவேரிப்பாக்கத்துக்குக் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறி, வாலாஜாவில் மாறினால் சுமார் முப்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்கரைக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

“ஏரில போட்டிங்லாம் கெடையாதே பாய்?” என்றார் ஆட்டோக்காரர்.

“ஓட்டக் கத்துக்கப் போறேன்பா.”

“இந்த வயசுலயா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயிற்சியாளர் ரோஸி மேடம் சென்னை காசிமேட்டு மீனவக் குடும்பத்துக்காரர். முப்பது வயதிருக்கும். யாரை ஏற்றப் போகிறீர்களோ அவரையும் கூட்டி வாருங்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தார். நூர்ஜஹான் கரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“பைக் ஓட்டுவீங்களா பாய்?”

“இருபது வருஷமா ஓட்றேன்.”

“அதான் பேஜாரே,” என்றார்.

படகில் ஏறியதும் புரிந்தது. மோட்டாரின் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். பைக்கில் பழகிய என் கை அதைக் கேட்கவே இல்லை. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களைவிட்டு விலக நினைத்து, நேராக அவற்றை நோக்கியே விட்டேன். பயத்தில் கால் பிரேக்கைத் தேடியது. படகில் ஏது பிரேக்?

“வேகத்தைக் கொறைங்க! இப்ப முள்ளு இருக்கற பக்கமே பிடியைத் தள்ளுங்க,” என்றார் மேடம். பிடியை வாங்க அவர் கை நீட்டவே இல்லை. தள்ளினேன். ஒரு முழ இடைவெளியில் தப்பினோம்.

மதியம்வரை அதே மரங்களைச் சுற்றவிட்டார். பிறகு லைஃப் ஜாக்கெட் மாட்டி நூர்ஜஹானை ஏற்றினார். பாதி ஏரியில் காற்று எங்களை முள் பக்கம் ஒதுக்கியது. கை பழைய பழக்கத்துக்கே போகப் பார்த்தது. வேகத்தைக் குறைத்தேன், ஒரு மூச்சு விட்டேன், முள் பக்கமே பிடியைத் தள்ளினேன். படகு விலகியது. கரை சேரும்வரை அவள் படகின் ஓரக் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாள் பயிற்சிக்கு எண்ணூறு ரூபாய். தொப்பியும் மாற்றுத் துணியும் அவசியம். ஒரே நாளில் தைரியம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். கை பழக வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம், “பயமா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“ஏரிலயா? இல்லீங்க. அன்னிக்கு மாடில நீங்க எனக்கு முதுகைக் காட்டிக்கினு அழுதீங்களே, அப்பதான் ஜாஸ்தி பயந்துட்டேன்.”

வாலாஜாவில் இறங்கியதும் மேடத்துக்குப் போன் செய்து, அடுத்த ஞாயிறும் வருகிறோம் என்றேன்.