வலது மார்புப் பதக்கம்

போர் முடிந்த இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு அணிவகுப்பில் யார் எதை உடுத்துவது என்று முடிவுசெய்ய, சேலம் அஸ்தம்பட்டியில் முன்னாள் வீரர் சங்கம் கூடியது. அந்தப் போரில் இறந்த சிப்பாயின் மனைவி என்ற முறையில் எனக்கும் அழைப்பு. நாமக்கல்லிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

டை மெரூனா கறுப்பா என்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. தொப்பிக் குஞ்சம் நிமிர்ந்து நிற்பதா, சாய்ந்து நிற்பதா என்று இன்னும் அரை மணி. சண்டைக்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிறகு அவர் எழுந்தார். என் முதல் கணவரோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர், திருச்செங்கோட்டுக்காரர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நினைவு நாளில் விவரம் தெரியாமல் கணவரின் பதக்கத்தை இடப்பக்கம் குத்திக்கொண்டு போனேன். வலப்பக்கம் மாற்றச் சொன்னது அவர்தான். சம்பாதித்தவனுக்கு இடப்பக்கம், பறிகொடுத்தவர்களுக்கு வலப்பக்கம், அது பட்டாளத்து வழக்கம் என்றார். இந்த வயதில் தனியாக இருக்காதே என்று மூன்று வருடம் என் உயிரை எடுத்ததும் அவரே. லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தவரை எனக்குப் பார்த்து, தாலியையும் தன் கையால் எடுத்துக் கொடுத்தார்.

அன்றுமுதல் வருடம் தவறாமல் அந்தப் பதக்கத்தைத் துடைத்து என் கையில் தருபவர் இப்போதைய கணவர்தான்.

அண்ணன் தாளைப் பார்த்து வாசித்தார். இறந்தவர்களின் மனைவிமாருக்கு மெரூன் கரை போட்ட வெள்ளைச் சேலை. மறுமணம் செய்துகொண்டவர்கள் பதக்கம் அணியக் கூடாது. பிள்ளைகளும் இல்லையென்றால், உடன் போரிட்டவர் அதை அணியலாம். அந்த அறையில் மறுமணம் செய்தவள் நான் ஒருத்திதான். முதல் கணவர் வழியில் எனக்குப் பிள்ளையும் இல்லை. எல்லோரும் கை தூக்கினார்கள்.

வாசலில் வண்டியை எடுக்கப் போனவரை மறித்தேன்.

"ஏனுங்கண்ணா, தாலி எடுத்துக் குடுத்தது நீங்கதானுங்க?"

"அது வேறங்க அம்மிணி. பட்டாளத்து மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? பதக்கத்தக் குடுத்துருங்க, நானே போட்டுக்கறேன்."

"குடுக்க மாட்டேனுங்க."

அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினேன்.

அணிவகுப்புக்கு நான் போகவில்லை. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. அண்ணனின் வலது மார்பில் பதக்கம். கடையில் நகல் வாங்கிக் குத்தியிருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடுகள். அசல் எங்கள் வீட்டு மேசையில் இருந்தது. பழக்கம் போல அன்று காலையும் அதைத் துடைத்து வைத்திருந்தார் என் கணவர். படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"நாம கல்யாணம் பண்ணிக்காமயே இருந்திருக்கலாமோ?" என்று கேட்டார்.

அவரை இப்படிக் கேட்க வைத்ததற்காக அந்த அண்ணனை நான் என்றைக்கும் மன்னிக்க மாட்டேன்.