வேலியாக இருந்த பத்தொன்பது நாட்கள்

இருபத்திரண்டு வயதில் நான் பத்தொன்பது நாட்கள் வேலியாக வேலை பார்த்திருக்கிறேன். வேலிக்குக் காவல் இல்லை, வேலியே நான்தான். பிற்பாடு வேலை தேடி எத்தனையோ விண்ணப்பங்களை நிரப்பினேன். இந்த அனுபவத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டேன்.

கல்லூரி முடித்த கையோடு, கொல்லிமலையில் பத்து மாதம் தங்கி இயற்கைக்குத் தொண்டு செய்கிற திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். "வேலை கிடைக்கிற வரைக்கும் போறியா, கிடைச்சுடக் கூடாதுன்னு போறியா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நான் பஸ் ஏறினேன்.

அரியூர் நாட்டில் (அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு), ஒரு ஊரின் கடைசியில் இருந்த ஓட்டுக் கட்டடத்தில் ஏழு பேர் தங்கியிருந்தோம். முறை வைத்துச் சமையல். காலை ஆறரைக்கு வேலை. சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாக "இன்று கற்றது" சொல்ல வேண்டும். முதல் மாதம் நான் கற்றவை: அட்டைக்குக் காலுறை ஒரு பொருட்டல்ல; குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைவேக்காட்டில் தின்னக் கூடாது; சாம்பாரில் உப்பை இரண்டு பேர் போடக் கூடாது.

எங்கள் முக்கியமான வேலை ஊருக்கு மேலே இருந்த ஓர் ஊற்றைச் சுற்றி. உண்ணிச்செடி அங்கே ஆள் உயரத்துக்குப் புதராக அடைத்துக் கிடந்தது. பூ அழகாக இருக்கிறதென்று யாரோ ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி. இப்போது மலையையே பட்டா போட்டுக்கொண்டு விட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டு மலைக்கு உரிய மரக்கன்றுகளை நட வேண்டும். எதுவரை வெட்டலாம் என்று ஒருங்கிணைப்பாளர் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தார். துணிக்கு அந்தப் பக்கமும் பன்னிரண்டு அடிக்கு அதே புதர்.

அந்தப் பன்னிரண்டு அடியை நான் வெட்டினேன். எங்களில் தாவரவியல் படித்த பெண் ஒருத்தி இருந்தாள். "துணி கட்டியிருக்கே, பார்க்கலையா?" என்றாள். "கட்டினவருக்கு இங்கே வந்ததும் கை வலிச்சிருக்கும்" என்றேன். உண்மையான காரணம் வேறு. வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு புகைப்படம் எடுத்து அனுப்புவது வழக்கம். அந்த மூலையில் புதர் நின்றால் படம் எடுபடாது என்று நினைத்தேன். வெட்டி முடித்ததும் பின்னால் ஒரு சாமை வயல் பளிச்சென்று திறந்துகொண்டது. கதிர் வாங்கி, பச்சைக்கும் பொன்னுக்கும் நடுவில் ஒரு நிறம். கொடுவாளோடு அதன் முன் நின்று சிரித்தேன். அவள் படம் எடுத்தாள். குற்றவாளி தானே செலவு செய்து சாட்சி தயாரித்த நிகழ்ச்சி அது. வெட்டிய செடியை அன்றே கொளுத்தியும் விட்டோம்.

மறுநாள் காலை வயலுக்குச் சொந்தக்காரர் வந்தார். முப்பது வயது இருக்கும். நாங்கள் அக்கா என்போம்.

"ஏனுங்க தம்பி, இங்க இருந்த வேலியை யாரு தூக்கிட்டுப் போனது?"

"வேலி எதுவும் இல்லையேக்கா. உண்ணிச்செடிதான் இருந்தது."

"அதானுங்க வேலி."

ஊர் மாடுகள் எல்லாம் அந்தத் தடத்தில்தான் ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகும். காலையில் ஒரு தரம், மூன்று மணிவாக்கில் ஒரு தரம். இத்தனை வருடம் அவற்றுக்கும் வயலுக்கும் நடுவில் நின்றது அந்தப் புதர். அறுப்புக்கு இன்னும் மூன்று வாரம்.

"போன வருசம் அறுத்துப் போட்ட அன்னிக்கே மழை புடிச்சுக்கிச்சு. வெதயெல்லாம் மொளை கட்டிப் போச்சு. நாலு ஊட்ல கேட்டு வாங்கி வெதச்சது இது. இதுவும் போச்சுன்னா மறுக்கா எந்த ஊட்டு வாசல்ல போய் நிப்பேன்?" அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பித்திருக்கலாம்.

கம்பி வேலி போடலாம் என்றார் ஒருங்கிணைப்பாளர். அதற்கு மலைக்குக் கீழே இருக்கும் அலுவலகத்திலிருந்து அனுமதி வர ஒரு மாதம் ஆகும் என்றும் அவரே சொன்னார். அன்று சாயங்காலம் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாரு வெட்டுனது?" கேமரா கை மாறிக் கை மாறிப் போயிற்று. படம் நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

"செரி. அறுப்பு முடியற மட்டும் நீங்களே அங்க நின்னுக்குங்க, சாமி" என்றார்.

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அங்கே வழக்கம் அதுதானாம்: வேலியைத் திறந்தவர் திறந்த இடத்தில் நிற்க வேண்டும். முன்பு ஒரு புது மாப்பிள்ளை, மாமனாரைக் குளிர்விக்க ஆட்டுக்குத் தழை வெட்டப் போய், அடுத்தவர் வேலியில் சந்து விட்டுவிட்டார். கல்யாண வேட்டியோடு நான்கு நாள் நின்றார் என்று ஆறுதலாகச் சொன்னார்கள்.

இப்படியாக நான் வேலியானேன். முதல் நாள் கையை இரண்டு பக்கமும் விரித்து நின்றேன். தண்ணீர்க் குடத்தோடு போன ஒருவர், "ஏனுங்க வேலி, முள்ளே இல்லையே?" என்றார். அதற்குப் பிறகு ஊரில் எனக்கு வேறு பெயர் இல்லை. "வேலி, மணி என்னாச்சுங்க?" "வேலி சாப்பிட்டுச்சா?" எங்கள் கூட்டத்திலும், "வேலிக்குச் சட்னி வேணுமா?" என்று தொடங்கிவிட்டார்கள்.

நின்றால்தான் தெரிகிறது, வேலிக்கு எவ்வளவு வேடிக்கை கிடைக்கிறதென்று. மூன்றாம் நாளுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் பாதி நிரம்பிவிட்டது. மாடுகள் எல்லாம் ஒன்று போல இல்லை. சில வயலை நேராகப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். அவற்றால் ஆபத்து இல்லை. ஒரு கொம்பு மடிந்த கறுப்பு மாடு ஒன்று வரும். அது வயல் பக்கம் திரும்பவே திரும்பாது. எதிரே இருந்த மலையை ரசிப்பது போல நின்றபடி, பின்னங்காலை மட்டும் அரை அடி அரை அடியாக வயல் பக்கம் நகர்த்தும். அதனிடம் எனக்கு மரியாதை உண்டாகிவிட்டது.

அக்கா வரும்போதெல்லாம் கேள்வி கேட்பேன். வயலின் இந்த மூலையில், என் காலடியிலேயே, சில தூர்களில் மட்டும் நார் கட்டியிருந்தது. ஏன் என்றேன்.

"வெதைக்கு எடுக்கறதுங்க. நல்ல கதிராப் பாத்துக் கட்டியிருக்கறேன்."

"நல்ல கதிரெல்லாம் சந்துக்குப் பக்கத்திலேயே ஏன் இருக்கு?"

"மாட்டுத் தடத்துச் சாணித் தண்ணி மழைக்கு இங்கதான எறங்கும்? கதிரு கனமா நிக்கும்." பிறகு என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "எந்த எடத்துல தொறக்கக் கூடாதோ, அளந்து வெச்ச மாதிரி அங்கயே தொறந்திருக்கறீங்க."

பன்னிரண்டாம் நாள் என்னை வீழ்த்தியது ஒரு சாண வண்டு. தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு, தலைகீழாக, எங்கே போகிறோம் என்று பார்க்காமலே போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையோடு ஏதோ ஒற்றுமை தெரிந்தது. எத்தனை நிமிடத்தில் எத்தனை அடி போகிறது என்று குறித்துக்கொண்டே பின்னால் போனேன். நிமிர்ந்தபோது கறுப்பு மாடு மூலையில் நின்று, நார் கட்டிய தூர்களாகப் பார்த்து மென்றுகொண்டிருந்தது.

கத்தி விரட்டினேன். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மொட்டையாகியிருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. அடித்தாள்களை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன், சாய்ந்தன. காட்டுப்பன்றி என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பன்றியின் கால்தடம் எப்படி இருக்கும் என்று யோசிக்கும் வரை போனேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சாயங்கால வட்டத்தில் என் முறை வந்தது. "சாண வண்டு பின்பக்கமாக நடக்கும்" என்றேன்.

"மாடு முன்பக்கமாத் தின்னும். அதையும் சொல்லு" என்றாள் தாவரவியல் பெண். மரக்கன்றுகள் எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போயிருக்கிறாள்.

வெளிச்சம் இருக்கும்போதே அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனவன், வாசலில் அவர் கட்டிக்கொண்டிருந்த மாட்டைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். ஒரு கொம்பு மடிந்த கறுப்பு மாடு.

"இது உங்க மாடாக்கா?"

"ஆமாங்க. வாயில சாமைத் தாளு தொங்கத் தொங்க வந்துச்சு. பன்னெண்டு நாளா ஏமாந்து வந்துட்டு இருந்தது, இன்னிக்குத்தான் செயிச்சிருக்குது. அது வந்து சொல்லி ரெண்டு மணி நேரம் ஆச்சு. நீங்கதான் லேட்டு" என்று சிரித்தார்.

"எல்லாம் என் தப்புதாங்க்கா. நார் கட்டினதும் போயிடுச்சு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "எவ்வளவு போச்சுன்னு அளக்கறப்பத்தான் தெரியும். வெதைக்கு ரெண்டு வள்ளம் சாமை வேணும். அதுக்குக் கொறஞ்சா என்ன பண்றதுன்னு அப்பப் பாத்துக்கலாம்."

மீதி ஏழு நாட்களும் நோட்டைத் தொடவில்லை. ஒரு வண்டு என் காலணி மேலேயே ஏறி இறங்கிப் போயிற்று. குனியவில்லை.

அறுப்பன்று விதைக் கதிர்களைத் தனியாக அறுத்து, பெருக்கி வைத்த பாறையில் போட்டுக் காலால் தேய்த்தார். முறத்தில் புடைத்தார். பிறகு வள்ளத்தை எடுத்தார். படிக்கு அங்கே அதுதான் பெரிய அண்ணன். எங்கள் ஏழு பேருக்கும் அன்று அங்கே வேலை இல்லை. ஏழு பேரும் நின்றோம். முதல் வள்ளம் நிறைந்து குவிந்தது. இரண்டாவது ஏறிக்கொண்டே வந்து, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிட்டது. பாறையில் ஒட்டியிருந்ததையும் துடைப்பத்தால் கூட்டிப் போட்டார். அப்போதும் ஒன்றரை விரல் குறைவு.

"நான் நாலு வீட்டில் கேட்டு வாங்கி வர்றேன்க்கா" என்றேன்.

"நீங்க கேட்டாக் குடுப்பாங்க. சிரிச்சுட்டே குடுப்பாங்க. அந்தச் சிரிப்பை வருசம் முச்சூடும் கேக்கறது நானு." வள்ளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் நின்ற சந்துப் பக்கம் பார்த்தார். "இந்த ஓரத்துல நாலடி வெதைக்காம உட்டா, இருக்கற வெதையே செரியாப் போயிரும். அந்த நாலடியில வேலி போட்டுக் குடுத்துருங்க. உண்ணிச்செடி வேண்டாம். கல்யாண முருங்கைப் போத்து நடுங்க, மொளகுக் கொடி ஏத்திக்கறேன்."

ஐப்பசி மழைக்கு முன் ஒன்பது போத்துகள், அதாவது நட்டால் வேர் விடும் கிளைத்துண்டுகள், வெட்டி வந்தேன். கை தடிமனில், என் தோள் உயரத்துக்கு. ஒரு காலை முழுக்கக் குழி தோண்டி, நட்டு, மிதித்து, நூல் பிடித்த மாதிரி நிறுத்தினேன். மதியம் அக்கா வந்து ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தார். நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன். மூன்றாவது போத்துக்கிட்ட நின்றார். ஆறாவதுக்கிட்ட நின்றார். கடைசிக்கு முந்தினதிலும் நின்றார்.

"ஏனுங்க வேலி, இந்த மூணுக்கும் வேரு ஆகாசத்துலயா உடணும்?"

மூன்றையும் தலைகீழாக நட்டிருக்கிறேன். பிடுங்கித் திருப்பி நட்டேன். மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தால், தடத்தில் கறுப்பு மாடு நின்று எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.